மூடச் சொன்ன கதவு

எண்பதுகளின் தொடக்கத்தில், தீபாவளிக்கு முந்திய வாரத்தில் ஒரு மத்தியானம் இது நடந்தது. சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், வெளிநாட்டிலிருந்து வரும் உறைந்த ஆட்டிறைச்சியைச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போடும் கடை ஒன்றில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். கல்யாணமாகி, கணவரோடு புக்கிட் மேராவில் குடியேறிய புதிது. இறைச்சியை எடைபோட்டுப் பையில் கட்டுவது என் வேலை. என்னோடு அதே வேலையைச் செய்த அக்கா ஒருவர் பிடோக்கிலிருந்து வருவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையை எதற்காகவும் விடமாட்டார். சரக்குக்குப் பொறுப்பாக ஸ்டோர்மேன் ஒருவர் இருந்தார். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம்.

கடைக்குப் பின்பக்கம் ஃபிரீசர் அறை. ஆள் உள்ளே நடந்து போய்ப் பெட்டிகளை எடுத்து வரும் அளவுக்குப் பெரியது. பகல் முழுக்கக் கதவு திறந்தே கிடக்கும். வெளிச்சூடு உள்ளே போகப் போக மெஷின் ஓயாமல் ஓடும், தரையெல்லாம் ஐஸ் கட்டி வழுக்கும். கரண்ட் பில்லைப் பார்த்துப் பார்த்து எரிச்சலடைந்த முதலாளி, ஒருநாள் ஆள் கூட்டி வந்து வாசலின் உட்பக்கத்தில் பிளாஸ்டிக் திரை போட்டார். கனமான நீள நீளக் கீற்றுகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறினாற்போல் தொங்கும். விலக்கிக்கொண்டு உள்ளே போனால் தானாக மூடிக்கொள்ளும். குளிரில் விறைத்துப்போய் முகத்தில் அறைகிறது என்று நாங்கள் முணுமுணுத்தோம். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், அந்தத் திரை நல்ல வேலை செய்தது. தரையில் ஐஸ் குறைந்தது. மெஷினும் நின்று நின்று ஓடியது.

முதலாளிக்கு அது போதவில்லை. இன்னும் எதையெதை நிறுத்தலாம் என்று பார்த்தார். ஃபிரீசர் கதவின் சட்டத்துக்குள் சூடேற்றும் கம்பி ஒன்று ஓடும். கதவும் அதன் தாழும் உறைந்து ஒட்டிக்கொள்ளாமல் அதுதான் காக்கும். திரைதான் இருக்கிறதே, அந்தக் கம்பிக்கு எதற்குக் கரண்ட் என்று அதன் சுவிட்சை அணைக்கச் சொல்லிவிட்டார். ஆள் உள்ளே போய் வந்ததும் கதவையும் உடனே மூட வேண்டும் என்று உத்தரவு. ஒருமுறை மறந்ததற்கு அண்ணனை வாடிக்கையாளர் முன்னாலேயே கண்டபடி திட்டினார். அதன்பிறகு திறந்த கதவைக் கண்டாலே அண்ணனின் கை தானாக அதற்குப் போகும்.

புதிதில் அந்தத் திரை கண்ணாடி மாதிரி இருந்தது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்தே தெரியும். துடைக்க ஆளில்லாமல் கொழுப்பும் பனியும் படிந்து, நாளாக ஆகப் பால் நிறத்துக்கு வந்துவிட்டது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று ஆர்டர் குவிந்திருந்தது. பின்வரிசைப் பெட்டிகளை எடுக்க அக்காவும் நானும் உள்ளே போனோம். காற்றாடிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. திடீரென்று தொப்பென்று ஒரு சத்தம். கதவு மூடியது. அடுத்த நொடி விளக்கும் அணைந்தது. அதன் சுவிட்ச் வெளியே இருந்தது.

முதலில் சிரித்தேன் என்றுகூட நினைவு. உள்ளேயிருந்து திறக்கக் கதவில் ஓர் இரும்புக் குமிழ் உண்டு, தள்ளினால் வெளித்தாழ் விலகிவிடும். இருட்டில் தடவிக்கொண்டு போய்த் தள்ளினோம். அசையவில்லை. அதைச் சுற்றி ஐஸ் கல்லாகக் கட்டியிருந்தது. கத்தினோம், கதவை உதைத்தோம். அவ்வளவு தடித்த கதவில் எங்கள் உதை எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா என் தோளைப் பிடித்து இழுத்து, திரைக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் நிறுத்தினார்.

“இங்கயே நில்லு. திரை இருக்கிறதால காத்து நேரா அடிக்காது. காலை ஆட்டிக்கிட்டே இரு, நிறுத்தாத.”

பிறகு பெட்டிகளின் அட்டையைக் கிழித்து என் காலடியில் போட்டார். இருட்டில் எனக்குத் தெரியாமல் அவர் செய்த காரியம் ஒன்று உண்டு, பிறகுதான் தெரிந்தது. உறையோடு பிடித்தால் குமிழ் வழுக்குகிறது என்று கையுறைகளைக் கழற்றிவிட்டார். வெறும் கையால் அதைப் பொத்திப் பிடித்து, ஊதி ஊதி, ஐஸை இளக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். தோல் இரும்பில் ஒட்டும்போது பிய்த்து எடுப்பார், மறுபடி வைப்பார். வாய்க்குள்ளே செபம் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. அக்கா, அக்கா என்று நான் கூப்பிட, “ம்” என்று மட்டும் சொன்னார்.

எவ்வளவு நேரம் என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஒரு சமையல்காரர் ஆர்டர் எடுக்க வந்து நிற்க, அண்ணன் எங்களைத் தேடியிருக்கிறார். தான் மூடிய கதவுக்குள் நாங்கள் இருப்பது பிறகுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. ஓடி வந்து தாழை இழுத்திருக்கிறார், கதவு ஒட்டிக்கொண்டு வரவில்லை. அவரும் சமையல்காரருமாகச் சேர்ந்து இழுத்துத் திறந்தார்கள். வெளிச்சத்தில் நான் முதலில் பார்த்தது அக்காவின் கைகளை. மெழுகில் செய்தவைபோல் வெளுத்திருந்தன. அண்ணன் அக்காவைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினார்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்காவுக்கு விரல்கள் கறுக்கத் தொடங்கின. சில வாரங்கள் பார்த்துவிட்டு, வலது கையில் கட்டைவிரலைத் தவிர மற்றவற்றை எடுத்துவிட்டார்கள்.

அதற்கு முன்பே முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். விசாரிக்க அரசாங்க அதிகாரி வருவார், ஸ்டோர்மேன் கவனக்குறைவாக மூடிவிட்டார் என்று சொன்னால் போதும், அதுதானே உண்மை என்று மெதுவாகப் பேசினார். அக்கா கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க மூடச் சொன்ன கதவத்தான் பாஸ் அவரு மூடினாரு. அந்தக் குமிழு ஏன் உறைஞ்சதுன்னும் நான் சொல்லுவேன்.”

சொன்னபடியே சொன்னார். நானும் சொன்னேன். ஆனால் அதிகாரி கடைக்கு வந்தபோது சூட்டுக்கம்பி ஓடிக்கொண்டிருந்தது, குமிழ் எண்ணெய் போட்டுப் பளபளத்தது. அந்தக் கம்பியை எப்போதும் அணைத்ததே இல்லை என்றார் முதலாளி. நாங்கள் இருவரும் பையில் இறைச்சி கட்டுகிறவர்கள், எங்களுக்கு என்ன தெரியும் என்றார்.

அண்ணன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அக்கா பேசியதால் கதவை மூடிய பழி அவர் தலையில் முழுதாக விழாது என்று அவருக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலையும் இருந்திருக்கும். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் வேறு.

“சுவிட்சை அணைச்சது நான்தான் சார்,” என்றார். “பாஸ் சொன்னாரு, என் கையாலதான் அணைச்சேன். ரொம்ப நாளா அது ஓடல.”

முதலாளி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதலாளிக்குத் தண்டனை கிடைத்தது. கடை நடந்துகொண்டேதான் இருந்தது, ஆனால் சூட்டுக்கம்பியை மறுபடி அணைக்கவில்லை. அண்ணனுக்கு அந்த மாதமே வேலை போயிற்று. முதலாளியைக் காட்டிக்கொடுத்தவர் என்று அந்த வட்டாரத்தில் யாரும் அவரைச் சேர்க்கவில்லை. கடைசியில் ஒரு காப்பிக் கடையில் மங்கு, தட்டு கழுவினார். அக்கா மறுபடி எந்த வேலைக்கும் போகவில்லை. நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் இடது கையால் தேநீர் கொடுப்பார். அண்ணனைப் பற்றி மட்டும் மறக்காமல் விசாரிப்பார். அண்ணனோ அக்கா வீட்டு வாசல்வரை ஒருமுறை வந்துவிட்டு, உள்ளே வர மனமில்லாமல் திரும்பிப் போனாராம். அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் அக்காவுக்கே தெரியும்.

பிறகு நான் வேறோர் இடத்தில் ஃபிரீசர் அறைக்குப் பொறுப்பாக இருந்தேன். அங்கும் அதே பிளாஸ்டிக் திரை. அதை நான் வெறுக்கவில்லை. தினமும் வெந்நீர்த் துணியால் துடைக்க வைப்பேன், உள்ளே போய்ப் பார்க்காமல் யாரையும் கதவை மூட விடமாட்டேன். சிலர் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

உண்மையைச் சொன்னால் நல்லது நடக்கும் என்று என் பிள்ளைகளிடம் நான் சொல்லி வளர்க்கவில்லை, ஏனென்றால் சொன்ன இருவருக்கும் நடந்ததை நான் கண்ணால் பார்த்தவள். ஆனால் அவர்கள் சொன்ன பிறகு அந்தச் சந்தில் இன்னொரு பெண் அப்படி இருட்டில் நின்று கதவை உதைக்க நேரவில்லை, அது எனக்கு இன்றைக்கும் பெரிதாகத்தான் தெரிகிறது.