என் பக்கத்து பிரேக்

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பிரேக் இரண்டு. ஒன்று கற்றுக்கொள்பவரின் பயத்துக்கு, மற்றது கற்றுக்கொடுப்பவரின் பொறாமைக்கு. எதிர்வீட்டு வாசலில் புது கார் வந்து நின்றதும் ஜன்னலை மெதுவாகச் சாத்திய அன்பர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் தொழிற்சாலையில் எனக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். விருப்பம் அவர்களுடையது. நாற்பத்தைந்து வயதில் அல்சூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் வாத்தியாராகச் சேர்ந்தேன்.

எலுமிச்சம்பழம்

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்தவர்கள் அப்போதெல்லாம் ஓட்டக் கற்பதற்கு முன்பே கார் வாங்கிவிடுவார்கள். ஷோரூமிலிருந்து கோயிலுக்கு ஓட்டி வர ஆள் வேண்டுமே! என்னைக் கூப்பிடுவார்கள். பூசாரி நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைப்பார், நான் ஏற்றி நசுக்குவேன். அடுத்தவன் காரில் எனக்குப் பிடித்த ஒரே சத்தம் அதுதான்.

ஒருமுறை பூஜை முடிந்து சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பினேன். கார்க்காரர் என் முதுகுக்குப் பின்னால் அன்பாகக் கேட்டார்: “அங்கிள், நீங்க எந்த கார் வெச்சிருக்கீங்க?”

ஆறு மணி கிளாஸ்

தாஸும் நானும் மர்பி டவுனில் ஒரே தெரு, பள்ளியில் ஒரே பெஞ்சு. கால்பந்தில் நான் ஓடி ஓடிப் பந்தைக் கொடுப்பேன். கோல் போட்டவன் என்று அவனைத்தான் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். பிறகு பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராகி அங்கேயே குடிபோனான். எப்போது பார்த்தாலும் இஸ்திரி கலையாத சட்டை. அந்த தாஸ் ஒரு நாள் எல்.எல்.ஆர். எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றான்.

“கார் வாங்கப் போறியா?” என்றேன். சிரித்தான். அவ்வளவுதான், எனக்கு வயிறு எரிந்தது. வெள்ளையா சிவப்பா என்று யோசித்ததில் அன்று சாப்பாடே இறங்கவில்லை. கிளம்பும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “காலைல ஆறு மணி கிளாஸ் குடு குரு. வூட்ல கூட யாருக்கும் தெரியாது.”

கிளட்ச்

பெண்டாட்டிக்குத் தெரியாமல் காரை வாங்கி வாசலில் நிறுத்தி அசத்தப் போகிறான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். தினமும் டிபன் பாக்ஸோடு ஆறு மணிக்கு டாண் என்று வந்துவிடுவான். கையும் காலும் சீக்கிரமே படிந்துவிட்டன. எனக்குப் பொறுக்காத விஷயமே அதுதான். அல்சூர் ஏரியை ஒட்டி அவன் அலட்டாமல் மூன்றாவது கியருக்குப் போகும்போது, என் கால் என் பக்கத்து பிரேக்கைத் தொடும். லேசாகத்தான். வண்டி குலுங்கி அணையும். பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். “இன்னும் கிளட்ச் படியலடா உனக்கு” என்று உச்சுக் கொட்டுவேன்.

டெஸ்ட் எப்போது என்று கேட்டான். இரண்டு வாரம் போகட்டும் என்றேன். முகம் வாடிவிட்டது. டிபன் பாக்ஸைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான். “சரிடா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

டெஸ்ட்

ரிவர்ஸ், மேடு எல்லாவற்றையும் பிசகாமல் எடுத்தான். இன்ஸ்பெக்டரே கன்னடத்தில் பாராட்டினார். எதிர்க் கடையில் டீ சொல்லிவிட்டு, “இப்பவாவது சொல்லுடா, எந்த கார்?” என்றேன்.

“காரா?” என்றான். அவன் கம்பெனியை மூடி ஆறு மாசமாம். வீட்டில் சொல்லாமல், வேலைக்குப் போவதுபோல் தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பிக்கொண்டிருந்திருக்கிறான். ஹெப்பகோடியில் ஒருத்தர் வீட்டு காருக்கு டிரைவர் வேலை பேசி வைத்திருந்தானாம். லைசென்ஸ் வரட்டும் என்று காத்திருந்தவர்கள், போன திங்கட்கிழமை வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம்.

பிரேக் மிதித்த காலை பெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டேன். சொல்லிவிட வாயைத் திறந்தேன், டீயைத்தான் குடித்தேன். அவன் என் தோளில் கை போட்டான். “நீ இன்னாடா பண்ணுவ? முன்னாடியே வெளிய வந்து ஒரு ஸ்டியரிங்கப் புடிச்சிட்ட பாரு, உன்னப் பாத்து எனக்கு ஆறு மாசமா பொறாமடா.”

என் சர்வீஸில் ஸ்கூல் வண்டிக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. நான் இடித்துத் தள்ளிய ஒரே ஆள், என் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருந்தான்.