சின்ன ர, பெரிய ற

வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் இருந்துகொண்டுதான் நான் கடற்புல் ஆராய்ச்சி செய்தேன். என் வேலையை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "உன்ர புல்லை மேயிறதுக்கு மாடு எப்பிடிக் கடலுக்குள்ள இறங்கும்?" என்று கேட்பார் அத்தான். கொட்டாஞ்சேனையில் துறைமுகக் காற்றைக் குடித்து வளர்ந்தவர், ஆனால் கடலில் கால் நனைத்ததில்லை.

அவருக்குப் புரியட்டும் என்று, பாடப்புத்தகத்துக் "காபன்" என்ற சொல்லை விட்டுவிட்டு "கரி" என்றே சொல்லிவந்தேன். கடற்புல் கரியை இழுத்துச் சேற்றுக்குள் புதைத்துவைக்கும். கற்பிட்டியில், கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் களப்பில், புல் அழிந்த ஓரிடத்தில் நாங்கள் மறுபடி நட்டிருந்தோம். அங்கே கரி சேருகிறது என்று காட்டினால்தான் மிச்ச இடத்திலும் நட விடுவார்கள். இல்லாவிட்டால் அதோடு சரி.

அந்தச் சேற்றைக் குழாயால் எடுத்து, படை படையாக வெட்டி, தனித்தனிப் பைகளில் போட்டேன். ஆய்வுகூடத்து ஃப்ரீசர் அந்த வாரம் பார்த்துப் படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் அக்காவின் ஃப்ரீசரில், பாரை மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அடுத்த நாள் கிராண்ட்பாஸிலிருந்து அத்தானின் சொந்தக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்திறங்கினார்கள். அக்கா வீட்டில் இல்லை. நான் காலி வீதியில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தபோது அத்தான் அழைத்தார்.

"ஃப்ரீசர்ல கறுப்பா பை பையா இருக்கே, என்ன அது?"

"கரி அத்தான்."

"நல்லதாப் போச்சு" என்று வைத்துவிட்டார்.

வீடு திரும்பினால் படிக்கட்டிலேயே சேற்று நாற்றம். அத்தனை பைகளும் ஒரே சட்டியில் அடுப்பில் இருந்தன. கறிவேப்பிலை வேறு தாளித்துப் போட்டிருந்தார். விருந்தாளிகள் வெறும் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புல் நட்டபின் படிந்த சேறு எது, முன்பிருந்தது எது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. குசினித் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"நீ கறி எண்டுதானே சொன்னனி?" என்றார் அத்தான், கரண்டியும் கையுமாக. அவர் வாயில் இரண்டு ரவும் ஒன்றுதான். காதிலும் அப்படித்தான் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

காற்றுக்காலம் தொடங்குமுன் மறுபடி களப்புக்குப் போனேன். கேளாமலே அத்தானும் வந்தார். சாரத்தை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில் "முருகா, முருகா" என்றபடி குழாயைப் பிடித்துக்கொண்டார். திரும்பும்போது அதை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, பள்ளம் பார்த்து ஓட்டும்படி வழிநெடுகச் சாரதியைச் சிங்களத்தில் நச்சரித்தார்.

முடிவு வந்ததும் வீட்டுக்கு அழைத்தேன். அத்தான்தான் எடுத்தார்.

"அத்தான், மேல்படையில கரி கூடியிருக்கு."

"எந்த ர? சின்னதோ, பெரிசோ?"

"சின்ன ர."

"அப்ப எங்கட புல்லு பிழைச்சிட்டுது" என்றார்.

அதுவரைக்கும் அது என்னுடைய புல்லாகத்தான் இருந்தது. ஆய்வுகூட நடையில் நின்று மறுபடி அழுதேன்.