முறியாத ஷாப்ட்

திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகிற சாலையில் பட்டறை வைத்திருந்த இஸ்ரேலுக்கு மனிதர்களையே பிடிக்காது. தாங்காத அளவுக்குக் கரும்பை ஏற்றிவிட்டு, டிராக்டர் ஆக்சில் முறிந்ததென்று வருகிறவனை, "ஏத்தும்போது கண்ணு எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிரசங்கத்துக்கு மார்க் போடுவார். இதுவரை ஒருவரும் பாஸானதில்லை. இளவயதில் ரயில்வே வேலை தேடி வந்தபோது, ஒரே போல்ட்டை ரிட்டயர் ஆகும்வரை திருக நான் என்ன பைத்தியமா என்று உதறியவர். அவர் மனைவி பிரிஸில்லா அதை இன்றைக்கும் மறக்கவில்லை. ஆனால் முறிந்த இரும்பை அவரைப் போல ஒட்டவைக்க அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. அதனால் திட்டு வாங்கிக்கொண்டே வந்தார்கள்.

வேதாசலமும் அப்படித்தான் வந்தார். பொதட்டூர்பேட்டையில் விசைத்தறிக் கொட்டகை வைத்து, லுங்கி நெய்து முன்னுக்கு வந்தவர். நடுவயதில் அவருக்குச் சொந்தமாகக் கார் கட்டும் ஆசை பிடித்தது. பாகம் பாகமாக வரவழைத்த குழாய்ச் சட்டம், மேலே பைபர் கூடு, விபத்தில் நொறுங்கிய வெளிநாட்டுக் கார் ஒன்றிலிருந்து பிடுங்கிய பெரிய இன்ஜின். பின்சக்கரங்களுக்கு மட்டும் பழைய சின்னக் கார் ஒன்றின் ஷாப்ட்டும் ஹப்பும். முதல்முறை ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்ததுமே, சக்கரத்தைச் சுழற்றுகிற ஷாப்ட் ஈரத்துணி மாதிரி முறுக்கிக்கொண்டு முறிந்தது. சக்கரத்தின் நடுவில் அது போய்ச் சொருகுகிற ஹப்பிலும் பற்கள் உதிர்ந்திருந்தன. காரை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

இஸ்ரேல் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாய்யா இது, செவப்புத் தவளையாட்டம் கீது?"

"கார்ங்கண்ணா. நானே பூட்னது."

"அது தெரியுது. யானைய இட்டாந்து கோழிக்கால்ல நிக்க வெச்சிருக்கிற."

லாரி ஆக்சிலுக்கு ஆகிற இரும்பில் இரண்டு மடங்கு தடிமனாக ஷாப்ட் கடைந்துவிடலாம், ஹப்பில் வெல்டிங் நிரப்பிப் பற்களைத் திரும்ப வெட்டிவிடலாம் என்றார் இஸ்ரேல். வேதாசலம் கொஞ்சம் தயங்கினார்.

"தடியா போட்டா அடி மொத்தமும் ஹப்புல எறங்கிடாதுங்களாண்ணா? தறில நூல இழுத்துக்கினு குறுக்க ஓடுற நாடாவ அடிக்கிற கோல நாங்க மரத்துலதான் வெப்போம். தோல் வாரும் கட்டுவோம். அது கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும். இரும்புல வெச்சா வேற எதனா ஒடையும்."

"லுங்கி நெய்யறவன் எனக்கு ஷாப்ட் சொல்லிக்குடுக்க வந்துட்டியா? போயி நூலு அறுந்துதான்னு பாரு."

வேதாசலம் மினி லாரியிலிருந்து காரை இறக்கப் போனார்.

வேலை முடிந்ததும் கோயிலுக்குப் போகிற மலைப்பாதையிலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்று இஸ்ரேல்தான் சொன்னார். பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, "மிதி, எனக்குப் பயமில்ல" என்றார். ஒரு வளைவு தாண்டி மேட்டில் வேகம் பிடிக்கும்போது அடியில் டங்கென்று சத்தம். இன்ஜின் உறுமியது, கார் பின்னால் உருண்டது. வேதாசலம் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டார். பின்னால் வேன்கள் ஹாரன் அடிக்க, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு குடும்பமே இறங்கிவந்து காரை ஓரமாகத் தள்ளியது. அதில் ஒருவன், "இன்னா பெரிசு, பொம்மக் காரா?" என்று கேட்டான். இஸ்ரேல் குனிந்து காரின் அடியில் பார்க்க ஆரம்பித்தார்.

பட்டறையில் பிரித்துப் பார்த்தார்கள். தடி ஷாப்ட் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. ஹப்பின் உள்பற்கள்தான் மொத்தமாக வழித்துக்கொண்டு போயிருந்தன. நான் அப்போதே சொன்னேன் என்று வேதாசலம் சொல்லுவார், பிடி பிடியென்று பிடித்துவிடலாம் என்று இஸ்ரேல் காத்திருந்தார். வேதாசலமோ, "மெதுவா செய்ங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு இஸ்ரேல் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "இப்பிடியும் ஒரு மனுசன் இருப்பானா, கேணப்பய" என்று பிரிஸில்லாவிடம் கத்தினார். "தப்பு யார்து?" என்று அவள் கேட்டதற்குத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார்.

மறுநாள் லுங்கி வாங்கப் போகிறேன் என்று சொல்லி டவுன் பஸ் ஏறினார். பொதட்டூர்பேட்டையில் வேதாசலத்தின் கொட்டகை பக்கம் போகவில்லை. வேறொருவர் வீட்டுத் தறி முன்னால் போய் நின்றார். கோல் நாடாவை அடிப்பதையும், அடித்த வேகத்தில் லேசாக வளைந்து நிமிர்வதையும் வெகுநேரம் பார்த்தார். தறிக்காரம்மாள், "எதனா வோணுமாங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல, சத்தம் ஜாஸ்தி" என்று முகத்தைச் சுளித்துவிட்டு, லுங்கியும் வாங்காமல் திரும்பினார்.

பிறகு நல்ல ஸ்டீல் வாங்கி, பல் வெட்டுகிற இரண்டு முனைகளிலும் கனமாக விட்டு, நடுப்பகுதியை மட்டும் ஒடுக்கமாகக் கடைந்தார். அடி விழும்போது ஷாப்ட் கொஞ்சம் முறுக்கிக்கொடுத்துத் திரும்பும். பல் போன ஹப்புக்குப் பதில் ஜீப் ஹப் ஒன்றைக் கடைந்து பொருத்தினார். கார் மலையேறியது, இறங்கியது, மறுபடியும் ஏறியது. எதுவும் முறியவில்லை. வேதாசலம் கைகூப்பினார். "பல்ல காட்டாத, ஆயிலு மாத்து" என்றார் இஸ்ரேல்.

சில மாதம் கழித்து ஆர்.கே.பேட்டையிலிருந்து வேடியப்பன் என்ற லாரிக்காரர் லாரியோடு வந்து, அந்தச் சிவப்புக் காருக்குச் செய்த மாதிரி தன் வண்டிக்கும் ஷாப்ட் செய்துதர வேண்டும், உங்களை விட்டால் யாருக்கு இந்த மூளை வரும் என்றார்.

இஸ்ரேல் லேத்தை நிறுத்தாமலே சொன்னார்: "மூளையும் இல்ல மண்ணும் இல்ல. அந்தத் தறிக்காரன் சொன்னான், நான் கடைஞ்சேன். காக்கா புடிக்கிறதுன்னா அவன்கிட்ட போய்ப் புடி. இப்ப வண்டிய நிழல்ல வுடு, கண்ணு கூசுது."