பத்திரிகையில் மதியின் பெயர்

போன மாதம் எதிர்வீட்டு மல்லிகா ஒரு தாளை நீட்டினாள். அவள் வீட்டுக்காரர் சுந்தரத்துக்கு அறுபதாம் கல்யாணம். அச்சடிக்கும் முன் சரிபார்க்க வந்த பத்திரிகை.

அறுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளைகள்தான் ஊரை அழைக்க வேண்டும். கீழே அவர்கள் பெயர்தான் வரும். ‘திருமதி கவிதா’ மூத்தவள். அடுத்து ‘செல்வி மதி’. கனடாவில் கம்ப்யூட்டர் வேலை.

“மதிதான் பெரியம்மா சிக்கல். நான் ஆணும் இல்ல, பொண்ணும் இல்ல, இங்க என்னை ‘தே’ன்னுதான் சொல்றாங்கன்னு போன வருஷமே சொல்லிடுச்சு. செல்வின்னு போட்டா வரமாட்டேங்குது. வெறும் மதின்னு போட்டா உடனே டிக்கெட் போடுமாம்.”

பலரைச் சொல்லும் அந்த ‘தே’யை ஒருத்தருக்குச் சொல்வது இங்கிலீஷ்காரர்களுக்கே இன்னும் பழகவில்லையாம். நமக்கென்ன? மல்லிகாவுக்கு வீட்டுக்காரரும் ‘அவங்க’, மாமியாரும் ‘அவங்க’, மீட்டர் பார்க்க வருகிறவரும் ‘அவங்க’. ஆணா பெண்ணா என்று யார் கேட்டோம்?

நேராகச் சுந்தரத்திடம் போனேன்.

“திரு, திருமதி, செல்வி... எல்லாத்தையும் தூக்கிடுங்க. வெறும் பேரு போதும். மையும் மிச்சம்.”

“சம்பந்தி வீட்டுல படிப்பாங்க அத்தை. ஊர் என்னன்னு கேக்கும்?”

“ஊர் பாயசம் இன்னொரு கரண்டி கேக்கும்.”

அவர் சிரிக்கவில்லை.

பத்திரிகை அச்சாகி வந்தது. ‘செல்வி’ இல்லை. மதியும் இல்லை. வீட்டுக்கு ஒரே பிள்ளை போல கவிதா மட்டும் ஊரை அழைத்திருந்தாள்.

“வம்பே வேணாம்னு எடுத்துட்டாங்க பெரியம்மா” என்றாள் மல்லிகா. அப்போதும் வீட்டுக்காரருக்கு மரியாதை குறையவில்லை.

மதி கேட்டதால் பத்திரிகையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பதில் ஒரே வரி: “நல்லா இருக்கும்மா, அப்பா பேரு பெருசா போட்டிருக்காங்க.”

டிக்கெட் போடவில்லை.

நேற்று வலங்கைமான் மண்டபத்தில் கல்யாணம். மல்லிகா தாலி கட்டிக்கொண்டபோது வாசலையே பார்த்தாள். வராது என்று தெரியும்... பார்த்தாள்.

பந்தியில் சுந்தரம் மாலையோடு என் இலைக்கு எதிரே வந்து நின்றார். குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

“அங்க இப்ப விடிஞ்சிருக்குமா அத்தை? மதி எழுந்திருக்குமா?”

“போன் உங்க பையிலதானே இருக்கு? கேளுங்களேன்.”

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

“இங்க ரசம் கொண்டாங்கப்பா” என்று குரல் கொடுத்தபடி அடுத்த இலைக்குப் போய்விட்டார். நான் ரசம் கேட்கவே இல்லை.