தாகத்துக்குக் கத்தரிக்கோல் கேட்ட அக்கா

அக்காவுக்கு என்னதான் நோய் என்று உறவினர்கள் கேட்டபோதெல்லாம் இந்த ஓராண்டாக ஆளுக்கொரு விதமாகச் சொல்லி வந்திருக்கிறேன். தங்கையாகிய எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவிடுகிறேன். முழுவதும் புரிந்துதான் எழுதுகிறேன் என்று சொல்லமாட்டேன்.

மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைத் தொழிலாளியின் மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. தாயை இழந்த என்னை அவரே வளர்த்தார். சிறு வயதிலிருந்தே அவருக்கு இடது காதில் சீழ் வடியும். பஞ்சை வைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார். அதை நோயென்றே யாரும் எண்ணவில்லை. அரியமங்கலம் பட்டறையில் வேலை பார்த்த அத்தானை மணந்து தென்னூரில் குடியேறியபின், அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் கூலி வாங்காமல் தையல் சொல்லிக்கொடுத்தார்.

ஒரு கோடையில் காய்ச்சலும் பொறுக்க முடியாத தலைவலியும் வந்தன. ஒருநாள் அத்தானிடம், "அந்தக் கத்தரிக்கோல எடுங்க, தாகமா இருக்கு" என்றார். அத்தான் திகைத்துப்போய்க் கத்தரிக்கோலையே எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கிப் பார்த்துவிட்டு அக்கா அழுதார். தான் கேட்டது அதுவல்ல என்று அவருக்குத் தெரிந்தது, சொல்தான் வரவில்லை.

புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள் சிலர். செய்வினை என்றார்கள் சிலர். எதை நம்புவதென்று தெரியாமல் நின்றோம். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த டாக்டர் காதுப் பஞ்சை எடுத்துப் பார்த்தார். "இது மனசுக் கோளாறு இல்லீங்க. காதுச் சீழு மூளைக்குள்ள போயிருக்கு. இன்னைக்கே மெட்ராஸ் கெளம்புங்க" என்றார்.

அங்கே மண்டையில் துளையிட்டுச் சீழை எடுத்தார்கள். பென்சிலின் ஊசி போட்டபடியே இருந்தார்கள். அக்கா "தண்ணி" என்று சரியாகக் கேட்ட காலையில், அத்தான் ஓடிப்போய்க் கொண்டுவந்த தண்ணீரில் பாதி தரையில் சிந்தியது. பிறகு காதுக்கும் ஆபரேஷன் ஆயிற்று. சீழ் நின்றது.

நல்லபடியாகச் சில ஆண்டுகள் சென்றபின், சென்ற ஆண்டு மறுபடியும் தலைவலி. இம்முறை நாங்கள் யாரையும் கேட்டு நிற்கவில்லை. அன்றே மெட்ராஸுக்கு ரயிலேறினோம். ஆனால் காதில் எந்தக் குறையும் இல்லை. மூளையில் மட்டும் மறுபடியும் சீழ். அதில் இருந்தது வேறொரு கிருமி, மிக அபூர்வமாக வருவது என்றார்கள். அது பென்சிலினுக்குக் கேட்கவில்லை. மருந்தை மாற்றியும் பயனில்லை. ஒன்றும் அறியாமல் அலைந்தபோது பிழைத்தவர், எல்லாம் அறிந்து ஓடியபோது போய்விட்டார்.

ரத்தம் கொடுத்த பட்டறைத் தோழர்களுக்கும், மெட்ராஸில் எங்களைத் தங்கவைத்துச் சோறு போட்ட சித்தப்பா குடும்பத்தாருக்கும், ஸ்ரீரங்கம் டாக்டருக்கும் எங்கள் நன்றி. அக்கா போன அன்று, "அந்தக் கிருமி எங்கேர்ந்து வந்துச்சு டாக்டர்?" என்று நான் கேட்டதற்கு, என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, "எனக்கும் தெரியலைம்மா" என்று சொன்ன மெட்ராஸ் டாக்டருக்கும் நன்றி.