ஒற்றைத் தும்மல்

சேலத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில், மழை ஓய்ந்ததும் புல் இடுப்பளவு வளர்ந்து பூத்துவிடும். அந்த மகரந்தம் எனக்கு ஆகாது. அக்காவுக்கு உறுதி வார்த்தை பேசும் நாளன்று அம்மா காலண்டரில் நல்ல நேரம் பார்த்தார். நான் போனில் மகரந்த முன்னறிவிப்பைப் பார்த்தேன். ‘புல்: மிக அதிகம்’ என்றிருந்தது.

“நான் மாடியிலேயே இருந்துக்கறேம்மா.”

“தங்கச்சி எங்கன்னு கேட்டா என்னன்னு சொல்றது? மாத்திரையப் போட்டுக்கிட்டு வா சாமி.”

போட்டுக்கொண்டு போனேன். புதுச்சத்திரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். அப்பா தாம்பூலத் தட்டை நீட்டிய நொடியில், நான் அடக்கி வைத்திருந்த தும்மல் வெடித்துவிட்டது.

மாப்பிள்ளையின் பெரியப்பா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “ஒத்தைத் தும்மலுங்க. சகுனம் சரியில்ல. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்.”

இரட்டைத் தும்மலென்றால் நல்ல சகுனமாம். வழக்கமாக எனக்கு வரிசையாக வரும். மாத்திரையாலோ என்னவோ, அன்று பார்த்து அடுத்தது வரவே இல்லை. அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு ஓங்கி ஒரு தும்மல் போட்டார்.

“ஏனுங்க, இப்ப ரெட்டையாயிருச்சுங்கல்ல? தட்டை வாங்குங்க.”

இன்றும் போனில் ‘புல்: மிக அதிகம்’ என்று வந்தால் எனக்கு அந்த முந்தானைதான் நினைவுக்கு வரும்.

அக்கா இப்போது புதுச்சத்திரத்தில் அந்த மாமியார் வீட்டில்தான் வாழ்கிறாள். சுற்றிலும் புல்தான். “எங்க அத்தை தும்மி நான் இதுவரைக்கும் பாத்ததே இல்லடி” என்கிறாள்.