ஓரகத்தியின் கதையை நான் திருத்தியது

கல்யாணமாகி மில்லர்புரத்து வீட்டுக்கு வந்த நாள் முதல், அந்த வீட்டில் எழுதுகிறவள் என்றால் அது நான் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். வீட்டுக்கு யார் வந்தாலும் மாமனார், "மூத்த மருமவ கதையெல்லாம் எழுதுவா" என்று பெருமையாகச் சொல்வார். எழுதிய ஒரு கதைகூட அச்சில் வந்ததில்லை என்பதை அவர் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை. பதினொரு வருஷமாகப் பத்திரிகைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். சிலர் பதில் போடுவார்கள். பலர் அதுவும் கிடையாது.

மாடியில் என் ஓரகத்தி இருந்தாள். கொழுந்தனின் மனைவி, குலசேகரன்பட்டினத்துக்காரி, என்னைவிட எட்டு வயது சின்னவள். கொழுந்தன் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். வீட்டுக்கு எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. இவள் மாடியில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருப்பாள். பன்னிரண்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நான் படித்து முடித்த புத்தகங்களை வாங்கிக்கொண்டு போவாள், திருப்பித் தருவாள். எப்படி இருந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஊரில் ஒரு கல்லூரியில் இரண்டு நாள் சிறுகதைப் பட்டறை நடந்தது. நான் பெயர் கொடுத்திருந்தேன். "தனியா போவாண்டாம், அவளையும் கூட்டிட்டுப் போ" என்றார் என் வீட்டுக்காரர். அப்படித்தான் அவள் வந்தாள், பஸ்ஸுக்குத் துணையாக.

பட்டறையை நடத்தியவர் ஒரு சிற்றிதழின் ஆசிரியர். முதல் நாள் மதியம் ஒரு பயிற்சி கொடுத்தார். "உங்க வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச, ஆனா யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு விஷயத்தை எடுத்துக்கிடுங்க. அதை நீங்களும் சொல்லாமலே எழுதுங்க." ஒரு மணி நேரம் தந்தார். நான் ஆறு பக்கம் எழுதினேன். கடலை நோக்கி ஒரு பெண் தன் துயரத்தை முறையிடுவதாக. படித்துவிட்டு, "மொழி நல்லா இருக்கு" என்றார். எழுதுகிறவர்களுக்குத் தெரியும், வேறொன்றும் நன்றாக இல்லாதபோதுதான் அப்படிச் சொல்வார்கள்.

அடுத்து என் ஓரகத்தியைப் படிக்கச் சொன்னார். அவள் எழுதியது ஒன்றரைப் பக்கம். தசராவுக்கு அவளுடைய அப்பா மாலை போட்டு நாற்பத்தொரு நாள் விரதம் இருந்து காளி வேஷம் கட்டுவார். அந்த நாட்களில் வீட்டில் குடி கிடையாது, சத்தம் கிடையாது. அம்மாதான் அவருக்குச் சேலை கட்டிவிடுவாள், முகத்தில் சாயம் பூசுவாள். அவர் அவளிடம், "கை வலிக்கா?" என்று கேட்பார். சின்னப் பிள்ளையாக இவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசியில், விரதம் முடிந்து, கையில் கட்டிய காப்பை அறுக்க அப்பா கோயிலுக்குக் கிளம்புகிறார். கதை இப்படி முடிந்தது: "அப்பா தெரு திரும்புனதும் அம்மா அடுக்களையில கெடந்த விறகுக் கட்டையெல்லாம் தூக்கிட்டுப் போயி பக்கத்து வீட்டுல வச்சிட்டு வந்தா."

எழுதிக்கொண்டிருந்தவர்கள்கூடப் பேனாவை வைத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆசிரியர் கேட்டார், "அந்த விறகு... நீங்களா யோசிச்சு எழுதினதாம்மா?"

"யோசிக்கல்ல சார். எங்கம்மா வருஷா வருஷம் அப்படித்தான் செய்வா."

"இதை நான் போடுதேன். நல்ல பிரதி எடுத்து அனுப்புங்க."

வயிறு எரிவது என்று எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், பிள்ளைகளுக்கு மரபுத்தொடர் பாடத்தில் நடத்தியும் இருக்கிறேன். அது நிஜமாகவே வயிற்றில்தான் எரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில், "அக்கா, நல்லா இருந்துதா?" என்று கேட்டாள்.

"பரவாயில்ல. எழுத்துப்பிழைதான் நிறைய" என்றேன். அவள் நோட்டை நான் கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை.

நான் சொன்ன அந்தப் பொய்யே அவளை என்னிடம் கொண்டுவந்தது. ரெண்டு நாள் கழித்து நோட்டோடு இறங்கி வந்தாள். "பிழையெல்லாம் திருத்தி டைப் அடிச்சுத் தாங்கக்கா. எனக்கு அந்த றகரம் ரகரம் எப்பவும் குழம்பும்."

அடித்துக் கொடுத்தேன். முதலில் பிழையை மட்டும்தான் திருத்தினேன். பிறகு 'கெடந்த' என்பதைக் 'கிடந்த' ஆக்கினேன். 'அம்மா' அன்னை ஆனாள். 'கை வலிக்கா' என்பது 'உன் கரங்கள் வலிக்கின்றனவா' என்று ஆனது. கடைசி வரியில் கொஞ்ச நேரம் நின்றேன். விறகை எதற்குத் தூக்கிக்கொண்டு போனாள் என்று வாசகருக்குப் புரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நீக்கிவிட்டு, 'அன்னையின் விழிகளில் ஆனந்தக் கண்ணீர் பெருகியது' என்று எழுதினேன். புரியாது என்பது பொய். அந்த வரி அந்த அறையில் என்ன செய்தது என்று பார்த்தவள் நான். தெரிந்துதான் செய்தேன். என் மின்னஞ்சலில் இருந்தே அனுப்பியும் வைத்தேன்.

ஒரு வாரம் இருக்கும். மொட்டைமாடியில் நானும் அவளும் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தோம். அவள் போன் அடித்தது. கையில் துணி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். ஆசிரியர்தான்.

"இது நீங்க வாசிச்ச கதை இல்லையேம்மா. விறகு எங்க போச்சு?"

அவள் என்னைப் பார்த்தாள். என் கையில் மாமனாரின் வேட்டி இருந்தது. அதை மடித்தேன், பிரித்தேன், மறுபடியும் மடித்தேன்.

"டைப் அடிக்கையில விட்டுப்போச்சு சார்" என்றாள். "நோட்டையே போட்டோ எடுத்து அனுப்புதேன்."

போனை வைத்த பிறகு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், உனக்கு நல்லதுக்குத்தான் செய்தேன் என்று சாதித்திருப்பேன். அவள் அதற்கும் இடம் தரவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காததற்காகவும் சேர்த்து அவள் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது.

கதை அவள் எழுதியபடியே வந்தது. மாமனார் அந்த இதழை டீக்கடை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார். "இளைய மருமவ கதை புஸ்தகத்துல வந்துட்டு." அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் ஒரு வாரம் பள்ளிக்கூடத்திலேயே ஆறு மணி வரை இருந்தேன். அந்த நாட்களில்தான் ஒரு காரியம் செய்தேன். ஒரு பக்கம் அவள் கதையையும் மறுபக்கம் நான் திருத்தியதையும் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். அவள் கதையில் எங்கே குறை என்று கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். நான் கைவைத்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஆள் செத்துக் கிடந்தான். 'கை வலிக்கா' என்று கேட்கிற மனுஷனை எனக்குத் தெரியும். 'கரங்கள் வலிக்கின்றனவா' என்று கேட்கிறவன் ஊர் உலகத்தில் எங்கேயும் இல்லை. பதினொரு வருஷமாக என் கதைகளில் இப்படி இல்லாத ஆட்கள்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு குலசேகரன்பட்டினத்திலிருந்து சேதி வந்தது. அங்கே யாரோ ஒரு சொந்தக்காரர் இதழைக் கொண்டுபோய் அவள் அப்பாவிடம் படித்துக் காட்டியிருக்கிறார். அவர் கத்தவில்லை. "இனி நான் வேஷம் கட்டமாட்டேன்" என்று மட்டும் சொன்னாராம். அந்த வருஷம் மாலை போடவில்லை. அவள் அம்மா போனில் பேசியதை அவளே அழுதுகொண்டு என்னிடம் சொன்னாள்: "ஏளா, வருஷத்துல நாப்பத்தொரு நாளாவது நிம்மதியா இருந்தேன். அதையும் கெடுத்துட்டியேன்னு கேக்கா அக்கா."

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். "இனி எழுதவே மாட்டேன்க்கா" என்றாள். அந்த நொடியில் எனக்குள் வந்தது சந்தோஷம். வேறு பெயர் எதுவும் அதற்குப் பொருந்தாது. என் கை அவள் தலையில் இருந்தது, அவள் தேம்பிக்கொண்டிருந்தாள், எனக்கு நிம்மதியாக இருந்தது. கீழே இறங்கி வந்து முகம் கழுவினேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

கார்த்திகை மாதம் அவள் அம்மா ஒரு பையோடு வந்து இறங்கினாள். நெற்றியில் காயம் காய்ந்துகொண்டிருந்தது. ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போவாள் என்று நினைத்தோம். போகவில்லை. இன்றைக்கும் மாடியில்தான் இருக்கிறாள், மகள் தைக்கிற ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைத்துக்கொடுக்கிறாள். ஒருமுறை அவள் புருஷன் வந்து வாசல் கேட்டில் நின்று கூப்பிட்டார். "மாலை போட்டுட்டு வந்து கூப்பிடச் சொல்லு" என்று மாடியிலிருந்தே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கதை வராமல் இருந்திருந்தால் அங்கேயே இருந்திருப்பாளா, அது நல்லதா கெட்டதா என்று எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அந்தச் சந்தோஷத்தைத்தான் நான் எழுதினேன். அழுகிற ஓரகத்தியின் தலையைத் தடவிக்கொண்டே மனசுக்குள் சிரிக்கிற ஒருத்தியின் கதை. கடல் இல்லை, அலை இல்லை. நான்கு தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் கதையில் வரும் அந்த ஒருத்தியை என்னைவிடக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டி இரக்கம் சம்பாதிக்கப் பார்த்தேன், பிறகு அந்த வரிகளை அடித்தேன். அனுப்பிய முதல் இதழிலேயே எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எழுதியவையும் வந்தன. மூன்று வருஷத்தில் ஒரு பதிப்பகம் தொகுப்பாகப் போடக் கேட்டது.

புத்தகத்துக்குப் போகும் முன் அந்தக் கதையை அவளிடம் கொடுத்தேன். அது இதழில் வந்தபோது அவளிடம் காட்டும் தைரியம் எனக்கு இருக்கவில்லை. அவளாகவும் கேட்டிருக்கவில்லை. "நீ வேண்டாம்னா எடுத்திருதேன்" என்றேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டு முழுவதும் படித்தாள். அவள் அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"போடுங்கக்கா" என்றாள். "எனக்கு அன்னைக்கே தெரியும். தலையைத் தடவுன கை ரொம்ப லேசா இருந்துது. வருத்தப்படுதவங்க கை கனமா இருக்கும்."

நான்கு தடவை எழுதியும் எனக்கு அது தட்டுப்படவில்லை. என் கைதான், ஆனாலும் தெரியவில்லை.

"அதைக் கதையில சேத்துக்கிடட்டுமா?" என்று கேட்டேன்.

"சேத்துக்கிடுங்க. எனக்கு எதுக்கு?"

சேர்த்துக்கொண்டேன். வெளியீட்டு விழாவில் பேசியவர் அந்த ஒரு வரியைத்தான் வாசித்துக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. மாமனார் எழுந்து நின்றே தட்டினார். அவள் மூன்றாவது வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்து எல்லோரையும்போலத் தட்டிக்கொண்டிருந்தாள். மேடையில், கழுத்தில் துண்டோடு, என் பெயர் போட்ட புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.